ஐந்து கிலோ மேலே ஏறிய மல்லர்

பொங்கல் கழிந்து அறுவடை முடிந்ததும் நம் காவிரிக்கரை ஊர்களில் கபடி களைகட்டிவிடும். பட்டுக்கோட்டை, மன்னார்குடி, ஒரத்தநாடு, வடுவூர் என்று எந்தப் பக்கம் போனாலும் சுவரொட்டி ஒட்டியிருப்பார்கள். முதல் பரிசு எவ்வளவு, இரண்டாம் பரிசு எவ்வளவு என்பதோடு இன்னோர் எண்ணும் அதில் இருக்கும். ‘55 கிலோ பிரிவு’, ‘65 கிலோ பிரிவு’ என்று எழுதியிருக்கும். ஆட்டம் தொடங்கும் முன் வீரர்களை ஒவ்வொருவராக எடை மெஷினில் ஏற்றிப் பார்ப்பார்கள். எடை கூடிவிட்டால் அந்தப் பிரிவில் ஆட முடியாது.

விளையாட வருகிறவரிடம் எடையை ஏன் கேட்க வேண்டும்? இது முதல் கேள்வி.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. மல்யுத்தத்தில் சில வீரர்கள் தாமாகவே விரும்பி அடுத்த மேல் பிரிவுக்குப் போகிறார்கள். தங்களைவிடக் கனமானவர்களோடு மோதி ஜெயிக்கவும் செய்கிறார்கள். கனமானவர்தானே ஜெயிக்க வேண்டும்? பிறகு இது எப்படி நடக்கிறது?

இரண்டுக்கும் விடை அறிவியலில் இருக்கிறது. நீங்கள் பள்ளியில் படிக்கிற பாடமே போதும்.

எடை பார்க்காத காலம்

காவிரிக்கரைக்கு மற்போர் புதிதல்ல. சங்க காலத்தில் உறையூரை ஆண்ட தித்தன் என்ற சோழனுக்குப் பெருநற்கிள்ளி என்று ஒரு மகன். ஆமூர் என்ற ஊரில் பெயர்பெற்ற மல்லன் ஒருவனோடு அவன் மோதி வென்றான். அந்தப் போரைச் சாத்தந்தையார் என்ற புலவர் பாடிவைத்திருக்கிறார். புறநானூற்றின் 80ஆம் பாட்டு அது. கிள்ளி தன் ஒரு காலால் மல்லனின் மார்பை அழுத்தி, மறு காலால் அவனைத் தப்பவிடாமல் மடக்கிய பிடியைக்கூட அதில் சொல்லியிருக்கிறார். பிறகு வந்த பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனும் மற்போரில் வல்லவன். மாமல்லன் என்பது அவனுடைய பட்டம். மாமல்லபுரத்துக்கு அந்தப் பெயர்தான்.

அந்தக் காலத்தில் யாரும் தராசு வைத்து மல்லர்களைப் பிரிக்கவில்லை. 1896இல் கிரேக்க நாட்டின் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கிலும் இதே கதைதான். மல்யுத்தத்தில் எல்லோருக்கும் ஒரே போட்டி. ஜெர்மனியின் கார்ல் ஷூமான் உயரம் குறைந்தவர், ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர். அவருக்கு எதிரே வந்தவர் பிரிட்டனின் லான்செஸ்டன் எலியட். ஒற்றைக் கையால் பளு தூக்கும் போட்டியில் அதே ஒலிம்பிக்கில் முதலிடம் பெற்ற ஆஜானுபாகு! பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஜெயித்தவர் ஷூமான். இறுதிப் போட்டியிலும் அவரே வென்றார்.

ஆனாலும் ஷூமான்கள் அபூர்வம். எடை வித்தியாசம் பெரிதாக இருந்தால் பெரும்பாலும் கனமானவரே ஜெயிப்பார், மெலிந்தவருக்கு அடிபடவும் செய்யும். அதனால் 1904 ஒலிம்பிக்கிலேயே எடைப் பிரிவுகள் வந்துவிட்டன. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஃப்ரீஸ்டைல் ஆண்களுக்கு 57, 65, 74, 86, 97, 125 கிலோ என்றும், பெண்களுக்கு 50, 53, 57, 62, 68, 76 கிலோ என்றும் ஆறாறு பிரிவுகள் இருந்தன.

கனம் என்ன செய்யும்?

நியூட்டனின் இரண்டாம் விதியை நினைத்துக்கொள்ளுங்கள். விசை என்பது நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கினால் வருவது. 50 கிலோ உள்ள ஒருவரை 200 நியூட்டன் விசையோடு தள்ளினால், உராய்வு இல்லாத தரையில் அவருக்குக் கிடைக்கும் முடுக்கம் 4 மீட்டர்/வினாடி². அதே விசையோடு 100 கிலோ உள்ளவரைத் தள்ளினால் 2தான். நீங்கள் கொடுத்த பலம் மாறவில்லை. பலன் பாதியாகிவிட்டது.

உண்மையில் தரையில் உராய்வு உண்டு. அதுவும் கனமானவர் பக்கமே நிற்கும். உடல் தரையை எவ்வளவு அழுத்துகிறதோ அந்த அளவுக்கு உராய்வு கூடும். அதனால் கனமானவரை இருந்த இடத்திலிருந்து நகர்த்துவதே பெரும்பாடு.

மூன்றாவதாக உந்தம். நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கினால் வருவது அது. ஒரே வேகத்தில் இரண்டு பேர் பாய்ந்து வந்தால், கனமானவரின் உந்தம் அதிகம். அவரைத் தடுத்து நிறுத்த அதிக விசை வேண்டும்.

எடைப் பிரிவு ஏன் வந்தது என்ற முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. இனி இரண்டாம் கேள்விக்குப் போவோம்.

எடை கூடுகிற வேகத்தில் பலம் கூடாது

ஆறு பக்கமும் சமமான சின்னக் கனசதுரங்கள் எட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பகடையானாலும் சரி, சர்க்கரைக் கட்டியானாலும் சரி. கீழே நான்கு, மேலே நான்கு என்று அடுக்கினால் பெரிய கனசதுரம் ஒன்று கிடைக்கும். அதன் உயரம் ஒற்றைக் கட்டியைப் போல 2 மடங்கு. அதன் ஒரு பக்கத்தின் பரப்பு 4 மடங்கு. எடையோ 8 மடங்கு!

உடம்புக்கும் இதே கணக்குதான். ஒரு தசையால் எவ்வளவு விசை கொடுக்க முடியும் என்பது, அந்தத் தசையைக் குறுக்கே வெட்டினால் தெரியும் பரப்பைப் பொறுத்தது. எடையோ உடலின் கன அளவைப் பொறுத்தது. ஆகவே உடல் பெரிதாக ஆக எடை மளமளவென்று ஏறும். பலமும் ஏறும், ஆனால் அந்த வேகத்தில் ஏறாது.

இதற்குப் பளுதூக்கும் மேடையில் சாட்சி இருக்கிறது. 1988 சோல் ஒலிம்பிக்கில் துருக்கியின் நயிம் சுலைமானோக்லு 60 கிலோ பிரிவில் 190 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கினார். தன் எடையைப் போல மூன்று மடங்குக்கும் மேல்! 2021இல் ஜார்ஜியாவின் லாஷா தலகாட்ஸே 267 கிலோவைத் தூக்கி உலக சாதனை படைத்தார். அவருடைய எடை 170 கிலோவுக்கும் மேல். கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஒன்றரை மடங்குதான். மொத்தப் பளுவில் லாஷா எங்கோ உயரத்தில் இருக்கிறார். தன் எடையோடு ஒப்பிட்டால் சின்ன உருவம் முந்திவிடுகிறது.

இந்தக் கணக்கை மல்யுத்தத்துக்குக் கொண்டுவருவோம். 52 கிலோ வீரர் ஒருவர், 57 கிலோ வீரர் ஒருவர். உடல்வாகும் பயிற்சியும் ஒன்றுபோல என்று வைத்துக்கொள்வோம். எடை வித்தியாசம் ஏறக்குறைய 10 சதவீதம். பலத்தில் வித்தியாசமோ சுமார் 6 சதவீதம்தான் வரும். இந்த 6 சதவீதத்தை வேகத்தாலும் நுட்பத்தாலும் ஈடுகட்டலாம். அதுவே 57 கிலோ வீரர் 125 கிலோ வீரரோடு மோதினால்? எடை இரண்டு மடங்குக்கும் மேல், பலமும் சுமார் 70 சதவீதம் அதிகம். எவ்வளவு நுட்பம் தெரிந்தாலும் அந்த இடைவெளியை அடைப்பது மிகக் கடினம். ஆகவே ஒரு படி ஏறுவது துணிச்சல், எட்டாத உயரத்துக்குத் தாவுவது ஆபத்து.

ஒரு படி ஏறி ஒலிம்பிக் பதக்கத்தையே கொண்டுவந்தவர் ஒருவர் நம் நாட்டில் இருந்தார்.

கோலேஷ்வர் கிராமத்து மல்லர்

மகாராஷ்டிரத்தில் சதாரா மாவட்டம், கராட் பக்கத்தில் கோலேஷ்வர் என்ற கிராமம். அங்கே 1926 ஜனவரி 15 அன்று பிறந்தார் கஷாபா தாதாசாகேப் ஜாதவ். அப்பாவே மல்யுத்த வீரர். பையன் மண் களத்தில் உருண்டு புரண்டு வளர்ந்தார். கோலாப்பூரில் ராஜாராம் கல்லூரியில் சேர்ந்தார்.

கோலாப்பூருக்கும் நம் தஞ்சாவூருக்கும் ஒரு பழைய உறவு உண்டு. தஞ்சையை 1855 வரை ஆண்ட மராத்திய மன்னர்கள் போன்ஸ்லே குடும்பத்தினர், சத்ரபதி சிவாஜியின் தம்பி முறையான ஏகோஜியின் வழிவந்தவர்கள். கோலாப்பூர் அரசும் அதே போன்ஸ்லே குடும்பத்தில் பிறந்ததுதான். அங்கே மல்யுத்தம் என்றால் ஊரே திரளும்.

1948இல் லண்டன் ஒலிம்பிக். கோலாப்பூர் மகாராஜா பயணச் செலவுக்கு உதவினார். ஜாதவுக்கு அப்போது 22 வயது. 52 கிலோ பிரிவில் மோதினார். அதுவரை மண்ணிலேயே பழகியவர், அங்கேதான் முதன்முதலாக மெத்தையில் இறங்கினார். மண்ணில் வெறுங்கால் விரல்கள் புதைந்து பிடித்துக்கொள்ளும். மெத்தையில் காலடி வேறு மாதிரி பதியும், உராய்வு வேறு, திரும்பும் வேகம் வேறு. புதுத் தரைக்குப் பழகாத கால்களோடு அவர் ஆறாம் இடம் பெற்றார்.

ஊர் திரும்பியவர் நான்கு ஆண்டுகள் கடுமையாகப் பயிற்சி செய்தார். 1952இல் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியில் அடுத்த ஒலிம்பிக். இப்போது அவர் போட்டியிட்டது 57 கிலோ பிரிவில். ஒரு பிரிவு மேலே!

போவதற்குப் பணம் போதவில்லை. ஊர் மக்கள் தங்களால் ஆனதைக் கொடுத்தார்கள். ராஜாராம் கல்லூரி முதல்வர் கர்டிகர் தம் வீட்டையே அடமானம் வைத்து 7,000 ரூபாய் வாங்கிக் கொடுத்தார். ஓர் ஆசிரியர் மாணவனை இதற்குமேல் எப்படி நம்ப முடியும்?

ஜாதவ் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றினார். கனடா, மெக்சிகோ, ஜெர்மனி நாட்டு வீரர்களை வென்றார். ஜப்பானின் ஷோஹாச்சி இஷீயிடமும் சோவியத் யூனியனின் ரஷீத் மமெத்பெயோவிடமும் தோற்றார். அந்த இருவரும் தங்கமும் வெள்ளியும் பெற, வெண்கலம் ஜாதவுக்கு. சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் அது! அடுத்த தனிநபர் பதக்கத்தை டென்னிஸ் வீரர் லியாண்டர் பயஸ் 1996இல்தான் கொண்டுவந்தார். 44 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஊரில் 151 மாட்டு வண்டிகள் வரிசைகட்டி அவரை அழைத்துப் போயின. திரும்பி வந்ததும் அவர் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? மல்யுத்தப் போட்டிகள் நடத்தினார், தாமும் மோதி வென்றார். கிடைத்த பணத்தை முதல்வரிடம் கொடுத்து, அடமானத்தில் இருந்த வீட்டை மீட்க உதவினார்.

சின்ன உடல், பெரிய விசை

ஜாதவ் உயரம் குறைந்தவர். கனமானவர்களை அவர் எப்படிச் சாய்த்தார்? அவருக்கு மிகவும் பிடித்த பிடிக்கு ‘டாக்’ என்று பெயர். எதிராளியின் தலையைக் கைக்குள் வளைத்துப் பிடித்து, அப்படியே சுழற்றிக் கீழே போடுவது. தலையை ஏன் பிடிக்க வேண்டும்? நிற்கிறவரின் உடல் சாயும்போது பாதத்தை மையமாக வைத்துத்தான் திரும்பும். பாதத்திலிருந்து தலை வெகு தூரத்தில் இருக்கிறது. விசை ஒன்றாக இருந்தாலும், மையத்திலிருந்து தள்ளிக் கொடுத்தால் திருப்புத்திறன் அதிகமாகும். இடுப்பைத் தள்ளினால் அசையாதவர், தலையை வளைத்தால் தானே சாய்வார்.

அடுத்தது நிற்கும் விதம். நம் தஞ்சாவூர் ராஜா–ராணி பொம்மையைத் தள்ளிப் பார்த்திருக்கிறீர்களா? எந்தப் பக்கம் சாய்த்தாலும் தானே எழுந்து நிற்கும். அதன் அடிப்பாகம் கனமான களிமண், உருண்டையான வடிவம். மேல்பாகம் லேசானது. அதனால் அதன் ஈர்ப்பு மையம் அடியிலேயே இருக்கிறது. சாய்த்தால் அந்த மையம் கொஞ்சம் மேலே எழும். விட்டதும் மறுபடி கீழே இறங்கப் பார்க்கும், பொம்மையும் நிமிர்ந்துவிடும்.

மல்லருக்கு உருண்டை அடிப்பாகம் இல்லை. அவர் வேறு வழியில் அதே வேலையைச் செய்கிறார். கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி, குனிந்து நிற்கிறார். ஈர்ப்பு மையம் தரையை நோக்கி இறங்குகிறது. அதிலிருந்து நேர் கீழே ஒரு கோடு போட்டால், அது இரண்டு பாதங்களுக்கும் நடுவே விழுகிற வரை அவர் விழமாட்டார். பாதங்கள் அகன்றிருந்தால் அந்தக் கோட்டை வெளியே தள்ளுவது எதிராளிக்குக் கஷ்டம். உயரம் குறைந்தவருக்கு இயல்பாகவே ஈர்ப்பு மையம் தாழ்ந்திருக்கும். நெட்டையான எதிராளிக்கு அது உயரத்தில் இருக்கும். அவருடைய காலடிக்குள் குட்டையானவர் புகுந்துவிட்டால், நெட்டையானவரின் உயரமே அவருக்கு எதிரியாகிவிடும்.

மூன்றாவது நுட்பம், எதிராளியின் உந்தத்தைக் கடன் வாங்குவது. கனமானவர் முழு வேகத்தில் தள்ளிக்கொண்டு வருகிறார். எதிர்த்துத் தள்ளினால் நம் பலம் வீணாகும். சட்டென்று விலகி, அவர் வருகிற திசையிலேயே இழுத்துவிட்டால்? அவருடைய கனமே அவரை முன்னால் கொண்டுபோய்ப் போடும். கபடியில் பாடி வருகிறவர் துள்ளி ஓடும்போது, பிடிக்கிறவர் அவர் ஓட்டத்தோடு சேர்ந்தே கீழே சாய்ப்பதில் இருப்பதும் இதே அறிவியல்தான்.

ஆண்டுக்கு ஒரு படி

ஜாதவின் காலத்துக்கு வெகு பின்னால் அமெரிக்காவில் ஒரு கல்லூரி மாணவர் படிப்படியாக ஏறிக்காட்டினார். பெயர் கைல் டேக். கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்தார். அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தில் எடையைப் பவுண்டில் சொல்வார்கள். அவர் 2010இல் 141 பவுண்டு பிரிவில் தேசிய சாம்பியன். 2011இல் 149, 2012இல் 157, 2013இல் 165. கிலோவில் சொன்னால் சுமார் 64இல் தொடங்கி 75இல் முடிகிறது. நான்கு ஆண்டுகள், நான்கு எடைப் பிரிவுகள், நான்கு பட்டங்கள். அவருக்கு முன் யாரும் இப்படிச் செய்ததில்லை.

கடைசி ஏற்றம்தான் மிகக் கடினமானது. 165 பவுண்டு பிரிவில் அதற்கு முந்தைய ஆண்டு பட்டம் வென்ற டேவிட் டெய்லர் இருந்தார். இவர் பின்னாளில் டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர். அவர் இருக்கிறார் என்று தெரிந்தேதான் டேக் அந்தப் பிரிவுக்குப் போனார். இறுதிப் போட்டியில் 5–4 என்ற புள்ளிக்கணக்கில் வென்றார்.

கல்லூரியில் படிக்கிற பதினெட்டு வயதிலிருந்து இருபத்திரண்டு வயது வரை உடல் வளர்கிற காலம். பயிற்சி செய்யும்போது தசை இழைகள் களைத்துப்போகும், சில இடங்களில் நுண்ணிய சேதமும் ஆகும். சாப்பாட்டில் இருக்கும் புரதத்தை எடுத்து உடல் அவற்றைச் சரிசெய்யும். சரிசெய்யும்போது முன்னைவிடத் தடிமனாக்கிவிடும். இந்த வேலை நன்றாக நடப்பது தூங்கும்போது. நன்றாகச் சாப்பிட்டு, உழைத்து, தூங்கினால் எடை கூடும். அப்படிக் கூடும் எடை பலத்தோடு சேர்ந்து கூடுகிறது.

கீழே இறங்குவதில் என்ன ஆபத்து?

மல்யுத்தத்தில் பலரும் செய்வது இதற்கு நேர்மாறானது. 55 கிலோ இருக்கிறவர் எடையைக் குறைத்துக்கொண்டு 50 கிலோ பிரிவில் இறங்குவார். அங்கே எதிராளிகள் சின்னவர்களாக இருப்பார்கள், எளிதாக வெல்லலாம் என்ற கணக்கு.

ஆனால் ஒரு ராத்திரியில் குறைகிற எடை எது? ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது சுமார் 2,000 முதல் 2,500 கலோரி. நாள் முழுக்கப் பட்டினி கிடந்தாலும் கால் கிலோ, அதிகம் போனால் மூன்றில் ஒரு பங்கு கிலோ கொழுப்புதான் கரையும். ஆகவே ஒரே இரவில் இரண்டு கிலோ, மூன்று கிலோ குறைந்தால் அது முக்கால்வாசித் தண்ணீர்தான். ஒரு லிட்டர் வியர்த்தால் ஒரு கிலோ போகும்.

நம் உடலில் ஏறக்குறைய 60 சதவீதம் தண்ணீர். சித்திரை வெயிலில் வயலில் நிற்கிற உங்கள் அப்பாவும் அம்மாவும் நீராகாரத்தைக் குடித்துவிட்டுப் போவது சும்மா இல்லை. தண்ணீர் குறைந்தால் ரத்தத்தின் அளவு குறையும். இதயம் வேகமாக அடிக்க வேண்டிவரும். வியர்த்து உடலைக் குளிர்விக்க முடியாமல் வெப்பம் ஏறும். உடல் எடையில் 2 சதவீதம் தண்ணீர் குறைந்தாலே ஓட்டமும் ஆட்டமும் தளர ஆரம்பிக்கும். இன்னும் குறைந்தால் மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகும்.

1997ஆம் ஆண்டின் கடைசியில் அமெரிக்காவில் ஏறக்குறைய ஒரு மாத இடைவெளியில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இறந்துபோனார்கள். மூவரும் எடையைக் குறைப்பதற்காகக் காற்றுப் புகாத உடையைப் போட்டுக்கொண்டு, சூட்டில் உடற்பயிற்சி செய்தவர்கள். அதன் பிறகு அங்கே விதிகள் மாறின. அந்த உடைகளுக்கும் நீராவி அறைகளுக்கும் தடை வந்தது. எடை பார்க்கும் நேரத்தைப் போட்டிக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தார்கள். பருவம் தொடங்கும்போதே ஒவ்வொரு மாணவரும் எந்த எடைக்குக் கீழே போகக் கூடாது என்று அளந்து சொல்லிவிடுகிறார்கள். அப்படி அளக்கும்போது சிறுநீரின் அடர்த்தியைப் பார்ப்பார்கள். தண்ணீரின் ஒப்படர்த்தி 1. சிறுநீரின் ஒப்படர்த்தி 1.020ஐத் தாண்டினால் உடலில் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம், அன்றைய அளவீடு செல்லாது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட்டுக்கு நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2021இல் டோக்கியோவில் அவர் 53 கிலோ பிரிவில் மோதியவர். பாரிஸுக்கு அந்தப் பிரிவில் இந்தியாவுக்கான இடம் வேறொருவருக்குக் கிடைத்ததால், அவர் 50 கிலோ பிரிவுக்கு இறங்க வேண்டியிருந்தது. ஆகஸ்ட் 6 அன்று முதல் சுற்றிலேயே ஜப்பானின் யுயி சுசாகியை வீழ்த்தினார். சர்வதேசப் போட்டிகளில் அதுவரை தோல்வியே அறியாதவர் சுசாகி. அன்றே வினேஷ் இறுதிப் போட்டிக்கும் தகுதிபெற்றார். ஒலிம்பிக் மல்யுத்த இறுதிக்குப் போன முதல் இந்தியப் பெண் அவர்தான்.

மல்யுத்தப் போட்டி நடக்கும் இரண்டு நாளும் காலையில் எடை பார்ப்பார்கள். இரவு முழுக்க அவர் தூங்காமல் உடற்பயிற்சி செய்தார், தலைமுடியைக்கூட வெட்டினார்கள். மறுநாள் காலையில் தராசு 100 கிராம் அதிகம் காட்டியது. 100 மில்லி தண்ணீர், அரை டம்ளர்! இறுதிப் போட்டியில் ஆட முடியாமல் தகுதியிழந்தார். வினேஷின் திறமையில் எந்தக் குறையும் இல்லை, உழைப்பிலும் இல்லை. உடலுக்கு இயல்பான எடைக்கு வெகு கீழே போய் மோத வேண்டிவந்தால், எவ்வளவு பெரிய வீராங்கனைக்கும் முதல் எதிராளி தராசுதான்.

செய்து பாருங்கள்

1. மணல் பரப்பிலோ பாயிலோ கால்களைச் சேர்த்து விறைப்பாக நில்லுங்கள். நண்பரை உங்கள் தோளில் பக்கவாட்டில் மெதுவாகத் தள்ளச் சொல்லுங்கள். பிறகு கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி நின்று, அதே அளவு தள்ளச் சொல்லுங்கள். எப்போது எளிதாகத் தடுமாறினீர்கள்? உங்கள் ஈர்ப்பு மையம் எந்த நிலையில் தாழ்ந்திருந்தது?

2. விளையாடப் போகும் முன் எடை பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடியாடிவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். இடையில் தண்ணீர் குடித்திருந்தால் அந்த அளவையும் கூட்டிக்கொள்ளுங்கள். வித்தியாசம் 300 கிராம் வந்தால் நீங்கள் வியர்த்தது சுமார் 300 மில்லி. கணக்குப் பார்த்த கையோடு தண்ணீர் குடித்து அதை நிரப்பிவிடுங்கள்.

உங்களுக்கு ஒரு வார்த்தை

2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற இந்திய அணியில் நம் வடுவூர் பையன் ஒருவர் இருந்தார். நாளைக்கு அந்த இடத்தில் நீங்களும் நிற்கலாம். கபடியோ மல்யுத்தமோ பளுதூக்குதலோ, எடை கேட்கிற விளையாட்டு எதில் இறங்கினாலும் இதை நினைவில் வையுங்கள். உங்களுக்கு இது வளரும் வயது. ஒரே வகுப்பில் படிக்கிற இரண்டு பேருக்குள் பத்துக் கிலோ வித்தியாசம் இருப்பது சாதாரணம். ஒல்லி என்றும் குண்டு என்றும் யாரையும் கேலி செய்யாதீர்கள், யாராவது செய்தால் கலங்காதீர்கள்.

கீழ்ப் பிரிவில் ஆட வேண்டும் என்பதற்காகச் சாப்பாட்டையோ தண்ணீரையோ குறைக்கச் சொன்னால், சொல்கிறவர் யாராக இருந்தாலும் முடியாது என்று சொல்லுங்கள். வீட்டிலும் உடற்கல்வி ஆசிரியரிடமும் உடனே தெரிவியுங்கள். வயிறாரச் சோறும் பருப்பும் முட்டையும் மீனும் கீரையும் சாப்பிடுங்கள். தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடியுங்கள். நேரத்தோடு தூங்குங்கள். உடல் வளர்ந்து அடுத்த பிரிவுக்குப் போனால் சந்தோஷமாகப் போங்கள். அங்கே இருப்பவர்கள் உங்களைவிடப் பலசாலிகளாக இருப்பார்கள், ஆரம்பத்தில் தோற்கவும் செய்வீர்கள். லண்டனில் ஆறாம் இடம் பெற்ற ஜாதவ், நான்கு ஆண்டுகள் கழித்து ஐந்து கிலோ மேலே ஏறித்தான் பதக்கம் வாங்கினார்.